துலூம் பயணம் சரி, காண்டோவுக்கு முன்பணம் எதற்கு?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அக்டோபரில் வரும் மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் எங்களுடன் இருப்பார்கள். அவர்களையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு மார்ச் பள்ளி விடுமுறையில் மெக்ஸிகோவின் துலூமுக்குப் போக ஆசை. 7,000 டாலர் சேர்த்திருக்கிறோம். கடலோர ஓட்டல் ஒன்று, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையுடன் 15 சதவீதத் தள்ளுபடி தருகிறது. இதற்கிடையே, துலூமில் கட்டி முடிக்கப்படாத காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு வீடு) ஒன்றில் பணம் போட்டிருக்கும் கணவரின் நண்பர், "வீட்டின் மீது கடன் வாங்கி 30,000 டாலர் முன்பணம் கட்டுங்கள். வாடகை வருமானத்தில் வருடாவருடம் இலவசமாகப் போய்வரலாம்" என்கிறார். போகும்போதே பார்த்துப் பேசி முடித்துவிடலாமா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள், சேமித்த பணத்தில் போவதால் ஆட்சேபணையே இல்லை. ஆனால் அங்கே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். சுற்றுலா என்பது செலவு. அதை முதலீடாக மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், முதலில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள்.

முதலில் பயணம். துலூமில் கடலை ஒட்டிய ஓட்டல் பகுதி ஒன்று, சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஊர் ஒன்று என இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஓட்டல் பகுதியில் வாடகை டாலரில்; ஐந்து பேருக்கு இரண்டு அறை வேண்டும். அங்கேயே தங்கினால் உங்கள் 7,000 மிக வேகமாகக் கரையும். ஊருக்குள் சமையலறையுடன் இரண்டு படுக்கையறை வீடு எடுத்தால் கணக்கு அடங்கும். மாமியாருக்கு ரசம் வைக்க அடுப்பும் கிடைக்கும். மெக்ஸிகோவில் கடற்கரை பொதுச்சொத்து என்றாலும், மணலை அடையும் வழி பல இடங்களில் தனியார் கையில் இருக்கிறது. கடற்கரைக் கிளப்புகள் 'குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும்' என்பார்கள். உட்காருவதற்கு முன் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

மார்ச் மாதம் எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விடுமுறைக் கூட்டம் விலையை ஏற்றிவிடும். சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரையில் ஒதுங்கி நாற ஆரம்பிப்பதும் வசந்தத்தில்தான். கோடை முழுவதும் அது தொடரும். பாசி வந்துவிட்டது என்று எந்த ஓட்டலும் பணத்தைத் திருப்பித் தராது. புயல் பருவம் நவம்பர் 30-இல் முடிகிறது, கிறிஸ்துமஸ் நெரிசல் தொடங்க இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகும். அந்த டிசம்பர் முதல் பாதிதான் உங்களுக்கு ஏற்றது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று நாள் பள்ளி தவறினால் குடி முழுகிவிடாது.

15 சதவீதத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் இருவர், ஒரு குழந்தை. யாருக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று தெரியாது. விசாவையும் பார்க்க வேண்டும். கிரீன் கார்டோ, காலாவதியாகாத அமெரிக்க விசாவோ இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகியிருந்தால் கதை வேறு. தேதியைச் சரிபார்க்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். மாமனார், மாமியாருக்கு அமெரிக்காவுக்கென்று எடுத்த மருத்துவக் காப்பீடு மெக்ஸிகோவில் செல்லுமா என்றும் பாருங்கள். செல்லாது என்றால் அந்தச் சில நாட்களுக்குத் தனியாக எடுங்கள். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கான்கூனில் இறங்கினால் துலூம் சுமார் 130 கிலோமீட்டர். துலூமுக்கே 2023 டிசம்பரில் விமான நிலையம் திறந்துவிட்டார்கள். இரண்டுக்கும் டிக்கெட் விலையோடு சாலைச் செலவையும் கூட்டி ஒப்பிடுங்கள். வாடகைக் கார் இணையத்தில் அடிமாட்டு விலைக்குத் தெரியும். மெக்ஸிகோவில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு பெரும்பாலும் அதில் சேர்ந்திருக்காது, கவுண்டரில்தான் தெரியவரும். உங்கள் கிரெடிட் கார்டு தரும் கார் காப்பீடு இதற்கு ஈடாகாது.

துலூமில் உள்ள பழைய மாயா நாகரிக இடிபாடுகளுக்கு ஒரே டிக்கெட் என்று நினைக்காதீர்கள். தொல்லியல் துறைக்குத் தனி, அதைச் சூழ்ந்த ஹகுவார் பூங்காவுக்குத் தனி. மெக்ஸிகோ நாணயமான பெசோவாகக் கையில் வைத்திருங்கள். வாகன நிறுத்தத்தில் 'எல்லாம் சேர்த்து' என்று விற்பவர்களைத் தாண்டிப் போய் உள்ளே வாங்குங்கள். நிழல் குறைவு, ஆகவே திறந்தவுடன் போய்விடுவது பெரியவர்களுக்கு நல்லது. பெசோ எடுக்க ஊருக்குள் இருக்கும் வங்கி ஏடிஎம்மே மேல். கடலோரத்தில் உள்ள சில இயந்திரங்கள் பெசோ தராமல் டாலரைத்தான் தரும். 'உங்கள் நாணயத்திலேயே கழிக்கவா?' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபம் ஒளிந்திருக்கிறது.

இனி காண்டோ. மெக்ஸிகோ அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நிலத்தை நேரடியாகச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. வங்கி ஒன்றின் அறக்கட்டளை வழியாக, 50 ஆண்டு காலத்துக்கு, உரிமை அனுபவிக்கலாம், பிறகு புதுப்பிக்கலாம். முறையான வழிதான். ஆனால் தொடக்கக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் உண்டு, அவற்றை நண்பர் வாடகைக் கணக்கில் சேர்த்தாரா? இதைவிடப் பெரிய கவலை நிலத்தின் பூர்வீகம். 'எஹிடோ' எனப்படும் சமூக நிலம் முறைப்படி தனியார் பட்டாவாக மாற்றப்படாமல் இருந்தால், அதன்மேல் எழும் கட்டடத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் காற்றில்தான். கட்டி முடிக்கும் முன்பே விற்கப்படும் வீட்டில் இந்த ஆபத்தோடு, கட்டுமானம் பாதியில் நிற்கும் ஆபத்தும் சேர்கிறது.

வருமானத்தைப் பாருங்கள். பாசிப் பருவமும் புயல் பருவமும் வாடகையைப் பாதிக்கும். மெக்ஸிகோவில் வரி உண்டு. அமெரிக்க வரிப் படிவத்திலும் அந்த வாடகையைக் காட்டியாக வேண்டும். கடன் வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30,000 டாலருக்கு ஆண்டு வட்டி மட்டும் 2,400. மூன்று வருட வட்டியில் நீங்கள் ஐந்து பேரும் இன்னொரு முறை துலூம் போய்வந்துவிடலாம். வீடு கிடைக்காமல் போனாலும் கடன் நிற்கும், அதற்குப் பிணை நீங்கள் குடியிருக்கும் வீடு.

கணவர் பிடிவாதமாக இருந்தால், விற்பவரோடு தொடர்பில்லாத மெக்ஸிகோ வழக்கறிஞரிடம் நிலப் பதிவை ஆராயச் சொல்லுங்கள். அந்தக் கட்டணத்தைக் கேட்டவுடன் நண்பர் முகம் சுளித்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கான்கூன் விமான நிலைய வாசலில் இன்னொரு கூட்டம் நிற்கும். இலவச டாக்ஸி, இலவசக் காலை உணவு என்று அழைத்துப்போய் டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமை, விற்பார்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள். தப்பித்தவறிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், மெக்ஸிகோ விதிப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். கடிதம் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.