ஏற்றத்தில் நீலப் புகை: இந்த ஜீப்பை வாங்கலாமா?

கேள்வி: குமுளியில் இருக்கிறேன். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகப் பழைய டீசல் ஜீப் ஒன்று பார்த்திருக்கிறேன். இரண்டு முறை போனபோதும் எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கம்பம்மெட்டு ஏற்றத்தில் நீலமாகப் புகைந்தது. "மலைக்குளிருக்கு அப்படித்தான் புகையும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், முன்பணமும் கொடுக்காதீர்கள். குளிருக்கு வருவது வெள்ளைப் புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, எஞ்சின் சூடேறியதும் மறைந்துவிட்டால் பயமில்லை. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

அந்த நீலம் எப்போது வருகிறது என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒருமுறை கக்கிவிட்டு அடங்கினால் வால்வு சீல் (வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுப்பது) தேய்ந்திருக்கலாம், தாங்கக்கூடிய செலவு. நீங்கள் பார்த்ததோ சூடான எஞ்சினில், ஏற்றத்தில். பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கோ (பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலேறாமல் தடுக்கும் வளையம்) அது ஓடும் சிலிண்டரோ தேய்ந்திருக்கும். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டியானால் அதன் சீலும் காரணமாகலாம். ரிங் மாற்ற எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். மலிவாகக் கிடைத்த ஜீப்பின் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டு முறையும் எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டிருந்ததுதான் எனக்கு உறுத்துகிறது; குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது தெரியும் கோளாறு அதில் மறைந்துவிடும். சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். அப்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். சூடான பிறகு அதைத் தொடவே கூடாது. ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகப்படுங்கள்.

பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பெரும்பாலும் ரிங் போய்விட்டது என்று பொருள்.

கறுப்புப் புகைக்கு இவ்வளவு கலங்க வேண்டாம். காற்று போதாமலோ டீசல் கூடுதலாகவோ எரிகிறது. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, டீசலைத் தெளிக்கும் நாசிலைச் சரிபார்த்தாலே பல வண்டிகளில் குறைந்துவிடும்.

காலைச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அந்த ஜீப்பை விட்டுவிடுங்கள். வண்டிப்பெரியாறு, கட்டப்பனைப் பக்கம் விசாரித்தால் வேறு கிடைக்கும். பத்துப் பேர் உயிரை நம்பி ஏறப்போகும் வண்டி; ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.