மகன் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டப் போகலாமா? கவலைப்படும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் ஆறு வருடமாக நல்ல பெயரோடு இருக்கும் தம்பிக்கு, ஒரு சமயத் தொண்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நிதி திரட்டும் பிரிவுக்கே தலைவராக வரச் சொல்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. "பிறரிடம் கை நீட்டுகிற வேலைக்கா இவனை இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் கோபத்தைவிடப் பயம்தான் எனக்கு அதிகம் தெரிகிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி இந்தத் துறைக்குப் போகலாம். ஆனால் யார் கூப்பிட்டாலும் போகலாம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் தம்பியை எவ்வளவு சோதிக்கிறார்களோ, அதைவிடக் கூடுதலாக அவர் அந்த நிறுவனத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எதைச் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

கை நீட்டுவது பற்றிய உங்கள் வருத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1891-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த ஜோசப் மெக்ஃபீ, நகரத்து ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து வைக்க ஆசைப்பட்டார். கையில் பணம் இல்லை. படகுத்துறை அருகே ஒரு பெரிய சமையல் பாத்திரத்தை வைத்தார். வருகிறவர்கள் போகிறவர்கள் அதில் காசு போட்டார்கள். அப்படித் தொடங்கிய பழக்கம் பல நாடுகளுக்குப் பரவி இன்றும் நடக்கிறது. 1966-ல் தைவானில் செங் யென் என்ற பௌத்த பிக்குணி, முப்பது இல்லத்தரசிகளோடு ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு மூங்கில் உண்டியலில் தினமும் ஐம்பது காசு போட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போடலாமே என்று கேட்டபோது, கொடுக்கும் எண்ணம் தினமும் மனதில் எழ வேண்டும் என்பதற்காகவே தினமும் போடச் சொன்னார். அந்த அமைப்புதான் த்ஸு ச்சி. இன்று பல நாடுகளில் பேரிடர் நிவாரணம் செய்கிறது.

இந்த இரண்டு பேரும் தங்களுக்காக யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கொடுக்க மனம் இருந்தும் வழி தெரியாமல் இருந்தவர்களுக்கு ஒரு வழி காட்டினார்கள். பணம் எதற்காக என்பது கொடுத்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தம்பி செய்யப்போவதும் இதே வேலைதான். இதில் தலைகுனிய ஒன்றுமில்லை அம்மா.

சரி, தலைவர் என்றால் என்ன வேலை? அதிகப் பேரிடம் கேட்பவர்தான் தலைவர் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்பது அந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். காப்பீட்டு பாலிசியில் பணம் கட்டுபவருக்குக் கையில் ஒரு பத்திரம் வருகிறது. நிறுவனம் ஏமாற்றினால் அவரே கேள்வி கேட்பார். இங்கே பணம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப்போவதே இல்லை. கொடுத்தவருக்குத் தன் பணம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பெற்றுக்கொண்டவருக்குத் தன் பேரில் எவ்வளவு வாங்கினார்கள் என்று தெரியாது. நடுவில் நிற்பவர் நேர்மையாக இருந்தால்தான் உண்டு. விற்பனையில் தம்பி கற்ற பொறுமையும், மறுத்தவரிடம் முகம் சுளிக்காமல் திரும்பிவரும் பக்குவமும் இங்கே பெரிய முதலீடு. ஆனால் இந்த வித்தியாசத்தை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் போனால், வசூலில் கெட்டிக்காரராக இருந்தும் வேலையில் தோற்றுப்போவார்.

இதில் அவர் முதலில் கற்க வேண்டியது, எந்தப் பணம் எதற்கு என்கிற ஒழுங்கு. வெள்ள நிவாரணத்துக்கு என்று கேட்டு வாங்கிய பணம் வெள்ள நிவாரணத்துக்குத்தான் போக வேண்டும். அந்த மாதம் முதியோர் இல்லத்தில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்றாலும் அதைத் தொடக்கூடாது. நோக்கம் குறிப்பிட்டு வந்த பணம், பொதுவாக வந்த பணம் என்று கணக்கில் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். சமய நிறுவனங்களில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் நுட்பமானது. ஜகாத் என்பது இஸ்லாத்தில் கடமையாக்கப்பட்ட தர்மம். அந்தப் பணத்தை யாருக்கெல்லாம் செலவிடலாம் என்பதை எட்டு வகையாகக் குர்ஆனே வகுத்திருக்கிறது. அதனால் ஜகாத்தையும் மற்ற தர்மப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்க முடியாது. தேவாலயக் காணிக்கை, கோயில் அன்னதான நிதி, குருத்வாராவில் எல்லோருக்கும் உணவளிக்கும் லங்கர் நிதி எதுவானாலும், கொடுத்தவர் மனதில் ஒரு நோக்கம் இருக்கிறது. அதை மீறுவது கணக்குப் பிழையோடு நிற்பதில்லை. கொடுத்தவர் கடவுளை நினைத்துச் செய்த ஒன்றை இவர்கள் மாற்றிவிட்டதாக ஆகிறது.

அப்புறம், எல்லோரும் நோக்கம் குறிப்பிட்டே கொடுத்தால் அலுவலக வாடகையை யார் கட்டுவது? தலைவரின் உண்மையான திறமை இங்கேதான் வெளிப்படும். படம் பிடித்துக் காட்ட முடியாத செலவுகளுக்கும், அதாவது கணக்காளர் சம்பளம், வண்டி எரிபொருள், தணிக்கைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பொது நிதி வேண்டும் என்று கொடையாளரிடம் வெளிப்படையாகப் பேசத் தெரிய வேண்டும். "நீங்கள் தருவதில் ஒரு காசுகூட நிர்வாகத்துக்குப் போகாது" என்று வாக்குக் கொடுப்பது சுலபம். பெரும்பாலான இடங்களில் அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு தொண்டு நிறுவனத்தை எடை போடாதீர்கள் என்று, 2013-ல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகளே சேர்ந்து கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ஜகாத்தைப் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் சொன்ன எட்டு வகையினரில், அதைத் திரட்டி நிர்வகிப்பவர்களும் ஒரு வகை. திரட்டுவதற்கும் செலவு உண்டு என்பதை மரபே ஒத்துக்கொண்டிருக்கிறது. தம்பி இதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

சமய நிறுவனம் என்பதால் வரும் பலத்தையும் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலம் பெரியது. வாராவாரம் ஒன்றுகூடும் மக்கள் இருக்கிறார்கள். கொடுப்பது கடமை என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ரமலான், கிறிஸ்துமஸ் போன்ற காலங்களில் மனம் தானாகவே இளகும். வேறு தொண்டு நிறுவனங்கள் வருடக்கணக்கில் உழைத்துச் சம்பாதிக்கிற நம்பிக்கை இங்கே முதல் நாளே கிடைத்துவிடுகிறது.

ஆபத்தும் அந்த நம்பிக்கையிலிருந்தே வருகிறது. கொடுக்காவிட்டால் பாவம், கொடுத்தால் நோய் தீரும் என்றெல்லாம் பேசிப் பணம் வாங்கினால் வசூல் கூடலாம். அது அச்சத்தை விற்பது. தம்பி அந்தப் பக்கமே போகக்கூடாது, தன் குழுவில் யாரையும் போகவிடவும் கூடாது. இன்னொன்று, உதவி பெறுபவரின் சமய நம்பிக்கையில் கை வைப்பது. 1994-ல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தோடு பேரிடர் நிவாரண அமைப்புகள் சேர்ந்து ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டன. இனம், மதம், நாடு பாராமல் தேவையை மட்டும் பார்த்து உதவ வேண்டும், உதவியை அரசியல் கருத்தையோ சமயக் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. அதை உருவாக்கியவர்களில் கத்தோலிக்க அமைப்பான கரித்தாஸும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இருந்தன. சமயப் பற்று உள்ளவர்களே விரும்பி ஏற்றுக்கொண்ட விதி இது. நம் ஆட்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று ஒரு பெரிய கொடையாளர் நிபந்தனை போட்டால், மரியாதையாகப் பேசிப் பார்த்து, ஒத்துவராவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பும் துணிவு தலைவருக்கு வேண்டும். அப்படிச் செய்தால் நிர்வாகக் குழு அவர் பக்கம் நிற்குமா என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

புகைப்படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுகிற குழந்தையின் முகம் பணம் கொண்டுவரும். அந்தக் குழந்தை வளர்ந்து ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்க்கும். உதவி பெறுபவரின் சம்மதம் இல்லாமல், அவர் மறுத்தாலும் உதவி நிற்காது என்று அவருக்குப் புரியவைக்காமல், ஒரு படமும் எடுக்கக்கூடாது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்கவே மனம் வராது.

இனி சம்பளம். வசூலில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று அவர்கள் சொன்னால், விற்பனைப் பழக்கத்தில் தம்பிக்கு அது இயல்பாகவே தோன்றும். ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். நிதி திரட்டுவோரின் சர்வதேசத் தொழில் சங்கமான ஏ.எஃப்.பி.யின் நெறிமுறை, சதவீத அடிப்படையில் ஊதியம் வாங்குவதைத் தடை செய்கிறது. காரணம் இருக்கிறது. ஒரு முதியவர் உயிலில் சொத்து எழுதிவைக்க யோசிக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பங்கு உண்டு என்றால், அந்த ஆலோசனை யாருக்காகச் சொல்லப்படுகிறது? மாதச் சம்பளமாகவே வாங்கட்டும். வேலை நன்றாக இருந்தால் சம்பள உயர்வு கேட்கட்டும்.

கூடவே, "கடவுள் சேவைதானே" என்ற பேச்சு வரும். விடுமுறை கேட்டால், மருத்துவக் காப்பீடு கேட்டால், ஓய்வூதிய ஏற்பாடு கேட்டால் இந்தப் பேச்சு வரும். பக்தியைக் காட்டி உழைப்பைச் சுரண்டும் இடங்கள் உண்டு. எல்லாம் நியமனக் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த வேலையில் மனச்சோர்வும் அதிகம். விற்பனையில் டார்கெட் எட்டவில்லை என்றால் போனஸ் போகும். இங்கே வசூல் குறைந்தால் யாரோ ஒருவருக்கு மருந்து கிடைக்காது என்ற எண்ணம் தூங்கவிடாது. வாரத்தில் ஒரு நாளாவது தொலைபேசியை அணைத்துவைக்கிற பழக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். அம்மாவாக நீங்கள்தான் அதைக் கண்டிப்பாகச் சொல்ல முடியும்.

எதிர்காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் திறமை ஒரே இடத்தில் முடங்கிவிடாது. மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், ஐ.நா. அமைப்புகள் எல்லாவற்றுக்கும் நிதி திரட்டுவோர் தேவை. பல தொண்டு நிறுவனங்களில் நிர்வாக இயக்குநர் பதவிக்கு இந்தப் பிரிவிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். படிப்புக்கும் வழி உண்டு. சில வருட அனுபவத்துக்குப் பிறகு சி.எஃப்.ஆர்.இ. என்ற சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கொடையளிப்புக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிறது. படிப்பை இப்போதே அவசரமாகத் தொடங்க வேண்டாம், வேலையில் கால் ஊன்றிய பிறகு போதும்.

கடைசியாக, கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை. கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கைகளை வாங்கிப் பார்க்கட்டும். அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா, காசோலையில் ஒருவர் கையெழுத்து போதுமா என்று பார்க்கட்டும். உண்டியல் பணத்தை எத்தனை பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள், ரசீது வரிசை எண்ணோடு வருகிறதா என்று கேட்கட்டும். போன வருடம் முதல் முறை கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் கொடுத்தார்கள் என்று கேட்டால், அந்த இடத்தின் நிலை பாதி புரிந்துவிடும். பெரும்பாலான நிறுவனங்களில் முதல் முறை கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வருவதில்லை. நன்றிக் கடிதம் தாமதமாவதும், பணம் என்ன ஆனது என்று யாரும் சொல்லாததும் அதற்கு முக்கியக் காரணங்கள். தம்பி முதல் வருடத்தில் புதிய கொடையாளர்களைத் தேடி ஓடுவதைவிட இதைச் சரிசெய்வதில் நேரம் போட்டால் நல்ல பலன் கிடைக்கும். முன்பு இந்தப் பதவியில் இருந்தவர் ஏன் போனார் என்பதையும் விசாரிக்கட்டும். முடிந்தால் அவரிடமே பேசட்டும். அப்புறம், நிறுவனம் உதவி செய்யும் இடத்துக்கு ஒரு நாள் நேரில் போய், அதிகாரிகள் இல்லாமல் அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

தணிக்கை அறிக்கைகளும் நியமனக் கடிதத்தின் வரைவும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தம்பியோடு நீங்களும் வாருங்கள், மூன்று பேருமாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிடலாம். அதுவரை பழைய வேலைக்கு ராஜினாமா கொடுக்க வேண்டாம்.