எடை, சர்க்கரை, ஹார்மோன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகள் பலவற்றில் ஹார்மோன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. எடை ஏறினாலும் அதுதான் காரணம், இறங்காவிட்டாலும் அதுதான். அந்தப் பழியில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குத் தட்டில் இருப்பதையும் விசாரிக்க வேண்டும். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மருந்தின் அளவைக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அதை உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"கலோரி எண்ணுவதெல்லாம் வீண், இன்சுலின்தான் கொழுப்பைப் பூட்டி வைக்கிறது என்கிறார்கள். நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவே இல்லை. கலோரியா, ஹார்மோனா?"

சாப்பிட்டதும் இன்சுலின் ஏறுகிறது, அப்போது கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பு வெளிவருவது அடங்குகிறது. இதுவரை சரி. ஆனால் இது சாப்பிட்ட பின் சில மணி நேரத்துக் கதை. இன்சுலின் இறங்கியதும் கொழுப்பு மறுபடி எரிபொருளாக வெளியே வருகிறது. எடையைத் தீர்மானிப்பது நாள்கணக்கில், வாரக்கணக்கில் பார்க்கும் மொத்த வரவு செலவு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், மறு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. ஓராண்டில் முதல் அணிக்குச் சராசரியாக 5.3 கிலோ, இரண்டாம் அணிக்கு 6 கிலோ குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. யாருக்கு இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்பதை வைத்து யாருக்கு எந்த உணவு ஒத்துவரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. இன்சுலின் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இப்படி வந்திருக்காது.

அதற்காகக் கலோரிக் கணக்கு மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான மிகைப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அவ்வளவாகப் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம், வேண்டாததை வைத்துவிடலாம். பதப்படுத்திய உணவு தந்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. பதப்படுத்தாத உணவின்போது பசியைத் தூண்டும் கிரெலின் குறைவாகவும், 'போதும்' என்று சொல்லும் பிஒய்ஒய் என்ற குடல் ஹார்மோன் அதிகமாகவும் இருந்தன. எடையைத் தீர்மானிப்பது கலோரிதான். ஆனால் எத்தனை கலோரி உள்ளே போகும் என்பதைப் பெரும்பாலும் பசி ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன, அவற்றின் போக்கை மாற்றுவதோ நாம் சாப்பிடும் உணவு. அதனால் இந்தக் கேள்வியில் 'அல்லது' என்பதற்கு இடமே இல்லை.

அப்புறம் அந்த "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன்." கோபித்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை 1992-இல் ஓர் ஆய்வில் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் சாதாரணமாகவே இருந்தது. சாப்பிட்டதாக எழுதியது மட்டும் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவு. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குடித்த பானம், பிள்ளைகள் மிச்சம் வைத்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் சாப்பிடும் முன்பே எழுதிப் பாருங்கள், சாப்பிட்ட பிறகு அல்ல.

"40 வயதாகிவிட்டது, மெட்டபாலிசம் குறைந்துவிட்டது. இனி எடை குறையுமா?"

40-இல் அது குறைவதில்லை. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை வைத்து 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயது முதல் 60 வரை எரிக்கும் வேகம் அப்படியே இருக்கிறது. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் வீதம் இறங்குகிறது. 40-இல் பெரும்பாலும் குறைவது நடமாட்டம், தசை, தூக்கம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். எடை அதேதான், உடை மட்டும் இறுகுகிறது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

"இரவு சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் வெறும் வயிற்று சர்க்கரை 150-க்கு மேல். படுக்கும்போது இதைவிடக் குறைவு. சாப்பிடாமல் எப்படி ஏறும்?"

ஏற்றுவது உங்கள் கல்லீரல். இரவில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் விடியற்காலையில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் உடலை எழுந்திருக்கத் தயார் செய்கின்றன. அவற்றின் தூண்டுதலில் கல்லீரல் கையிருப்பில் உள்ள கிளைகோஜனை உடைத்தும், புதிதாகத் தயாரித்தும் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் கொஞ்சம் இன்சுலினைக் கூடுதலாக விட்டுச் சமாளித்துவிடும். உங்களுக்கு அந்த இன்சுலின் போதவில்லை, அல்லது 'நிறுத்து' என்று அது சொல்வதைக் கல்லீரல் கேட்பதில்லை. கொழுப்பு சேர்ந்த கல்லீரலில் இந்தக் கேளாமை இன்னும் அதிகம்.

இரவு உணவைத் தவிர்ப்பதால் இதைத் தடுக்க முடியாது. இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரையோ எடுப்பவர் அப்படிச் செய்தால் நடு இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால் சில நாள் இரவு 2, 3 மணி வாக்கில் ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போது சரியாக இருந்து காலையில் மட்டும் ஏறினால் மேலே சொன்ன கதை. அப்போது 70-க்குக் கீழே போயிருந்தால் மருந்தை மாற்றியமைக்க வேண்டும், மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கும்போதே அதிகமென்றால் பிரச்சினை இரவுத் தட்டில் இருக்கிறது. இரவு உணவைச் சற்று முன்கூட்டி முடிப்பது, மாவுச்சத்தைக் குறைத்துக் காய்கறியும் புரதமும் கூட்டுவது, சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடப்பது மூன்றும் உதவும். நடக்கும்போது தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. மருந்துக் கடையில் வாங்க முடியாத வசதி அது.

"நான் ஒல்லி. எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?"

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். தோலுக்கு அடியில் சேமிக்க ஒவ்வொருவர் உடலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சிலருக்கு அது சின்னது. நிரம்பிய பிறகு கொழுப்பு கல்லீரலிலும் கணையத்திலும் தசையிலும் போய்ச் சேர்கிறது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்புக் கல்லீரல். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ எண் இதைக் காட்டாது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. அப்படியும் இல்லாமல் எடை வேகமாகக் குறைந்து, தாகமும் சிறுநீரும் அதிகமானால் இது இரண்டாம் வகை சர்க்கரையாக இல்லாமல் போகலாம். இன்சுலினே ஏறக்குறைய சுரக்காமல் போகும் முதல் வகை பெரியவர்களுக்கும் வரும். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

"சர்க்கரை நோயைக் குணப்படுத்த முடியும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?"

இதில் உண்மையும் ஆபத்தும் கலந்திருக்கின்றன. முதலில் உண்மை. பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வில், இரண்டாம் வகை நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் ஊசி போடாதவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 3 முதல் 5 மாதம் வரை தினமும் சுமார் 850 கலோரி மட்டும், அதுவும் சத்துகள் சேர்த்த திரவ உணவாக. ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமலே எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.5-க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் இது 86 சதவீதம். கல்லீரல், கணையம் இரண்டிலிருந்தும் கொழுப்பு வெளியேறியதும் இன்சுலின் சுரப்பு மீண்டும் எழுந்தது. சர்க்கரை ஒரு வழிப் பாதை என்று நாங்கள் படித்த பாடத்தை இது திருத்தி எழுதியது.

இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆனது. எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. அதனால்தான் மருத்துவர்கள் 'குணமானது' என்று சொல்லாமல் 'தணிந்திருக்கிறது' என்கிறார்கள். ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், பாதம் பார்ப்பதை அப்போதும் விடக்கூடாது.

இனி ஆபத்து. மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் திடீரென்று வெட்டினால், முன்பு சொன்ன மாத்திரைகளிலும் இன்சுலினிலும் சர்க்கரை சட்டென்று கீழே விழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம். அதிலும் சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலே வரும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் வகை சர்க்கரை உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்த உணவும் அதற்கு மாற்றில்லை. முயற்சி செய்யுங்கள், தவறில்லை. மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

"12 கிலோ குறைத்தேன். ஓராண்டில் எல்லாம் திரும்பிவிட்டது. மன உறுதி இல்லாதவள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?"

வீட்டில் இருப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டுபிடித்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே துள்ளியது. ஆனால் பருமனான பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே மிகுதி. மூளைதான் அதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. எடை குறையும்போது லெப்டின் சடாரென்று சரிகிறது. மூளைக்கு அது பஞ்சம் வந்துவிட்டது என்ற செய்தி. பசி ஏறுகிறது, எரிப்பது குறைகிறது. 2011-இல் ஆஸ்திரேலியாவில் 10 வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். லெப்டின், கிரெலின், பிஒய்ஒய் எதுவும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் அடங்கவில்லை. உங்களுடையது மன உறுதிக் குறைவு அல்ல.

ஊசி இந்தப் பசிச் சண்டையில்தான் தலையிடுகிறது. ஜிஎல்பி-1 என்பது சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஹார்மோன். இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையிடம் போதும் என்று சொல்லும். ஆனால் சில நிமிடத்தில் சிதைந்துவிடும். நீடித்து நிற்கும் வடிவத்துக்கு வழி காட்டியது கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சில். அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னால் வந்த செமாகுளுடைடு, 2021-இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே இது ஒரு கோர்ஸ் போட்டு முடிக்கும் மருந்து அல்ல, ரத்த அழுத்த மாத்திரை மாதிரி நீண்ட காலத்துக்கானது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போகும். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இவையெல்லாம் தெரிந்தும் உங்களுக்குத் தேவையென்று மருத்துவர் சொன்னால், போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன், பழச்சாறு நல்லதுதானே?"

ரத்தத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து சர்க்கரையை மெதுவாக உள்ளே விடும், வயிறும் நிரம்பும். சாற்றில் இரண்டும் போய்விடுகின்றன. ஒரே விதிவிலக்கு, சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும்போது. அப்போது அரை டம்ளர் பழச்சாறுதான் மருந்து.

"மகளுக்குப் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை). எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளால் குறைக்க முடியவில்லை."

அந்த அறிவுரை தவறில்லை, சொன்ன விதம்தான் போதாது. இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காத 'இன்சுலின் எதிர்ப்பு' இருக்கும்போது கணையம் அதிக இன்சுலினை விடுகிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. ஒல்லியான பெண்களுக்கும் இது உண்டு என்பதால் எடையை மட்டும் குறை சொல்ல முடியாது. எடை அதிகம் உள்ளவர் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. 80 கிலோ என்றால் 4 கிலோவிலிருந்து தொடங்கும் இலக்கு அது, 55 கிலோவாக வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் என்ற மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது சீக்கிரம் எட்டிப் பார்க்கும். இன்னொன்று: சாப்பாட்டு மேசையில் மகளின் தட்டை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த வீடும் ஒரே உணவுக்கு மாறட்டும்.

"எல்லா ஹார்மோனையும் ஒரேயடியாக டெஸ்ட் செய்துவிடலாமா?"

வேண்டாம். லெப்டின், கிரெலின் அளவு தெரிந்து யாருக்கும் சிகிச்சை மாறப்போவதில்லை. அதிக எடைக்கு டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை, வெறும் வயிற்று சர்க்கரை அல்லது எச்பிஏ1சி, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை பெரும்பாலும் போதும். தைராய்டு குறைவாகவே இருந்தாலும் அதனால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 20 கிலோவுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாகத் தட்டினாலே கன்றிப் போகும் தோல், உட்கார்ந்து எழ முடியாத தொடைத் தளர்ச்சி இருந்தால் கார்ட்டிசால் பார்க்க வேண்டும். அதற்கு முன் நீங்கள் சாப்பிடும் மாத்திரை, பூசும் களிம்பு, மூட்டு வலிக்குப் போட்ட ஊசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அவற்றில் ஏதாவதொன்றில் ஸ்டீராய்டு இருந்தால், எடைக்கும் சர்க்கரைக்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிடலாம். இருந்தாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.