ஷார்ட்கோடைத் தூக்கி எறியலாமா?

கேள்வி: இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்காக நான் எழுதிய செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) பத்து ஆண்டுகளாக ஓடுகிறது. சிறு புத்தகக் கடைகள் விலைப்பட்டியலைக் காட்ட அதைப் பயன்படுத்துகின்றன. பழைய எடிட்டரில் என் பொத்தானை அழுத்தினால் ஷார்ட்கோட் (சதுர அடைப்புக்குறிக்குள் வரும் சிறு குறி; பக்கத்தில் அதன் இடத்தில் பட்டியல் தெரியும்) வந்து விழும். உள்ளடக்கத்தை பிளாக் என்ற தனித்தனித் துண்டுகளாக அடுக்கும் புதிய பிளாக் எடிட்டருக்கு மாறியவர்கள், பொத்தானையே காணவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சர்வரில் ஓடும் பி.எச்.பி. மொழி மட்டும்தான். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கற்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டுமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். உங்கள் பத்து ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி அப்படியே பயன்படும்.

2018 டிசம்பர் 6 அன்று பிளாக் எடிட்டரோடு வேர்ட்பிரஸ் 5.0 வெளியானபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். சபாக்களின் கச்சேரிப் பட்டியலைக் காட்டும் செருகுநிரல் என்னுடையது. ஜாவாஸ்கிரிப்டை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வேர்ட்பிரஸை நிறுவியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் 2015இலேயே செருகுநிரல் எழுதுபவர்களிடம் சொல்லியிருந்தார். நான் மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டேன். பிறகு பதற்றத்தில், இருந்ததையெல்லாம் கலைத்துவிட்டு ரியாக்டில் புதிதாக எழுதத் தொடங்கினேன். நான்கு மாதம் வீணானது. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பொத்தான் காணாமல் போனதற்குக் காரணம், அது டைனிஎம்சிஇ என்ற பழைய எடிட்டரின் கருவிப்பட்டையில் அமர்ந்திருந்ததுதான். இப்போது பழைய எடிட்டரைத் தனக்குள் வைத்திருக்கும் கிளாசிக் பிளாக்குக்குள் போனால் மட்டுமே அந்தப் பட்டை வரும். ஆனால் ஷார்ட்கோடுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பதிவுகளில் இருப்பவை இன்றும் பட்டியலைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

நீங்கள் எழுத வேண்டியது டைனமிக் பிளாக். அதில் சேவ் செயற்கூறு (பதிவில் சேமிக்க வேண்டிய எச்.டி.எம்.எல்.லைத் தரும் பகுதி) வெறும் நல், அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பினால் போதும். பதிவுக்குள் சேமிக்கப்படுவது பிளாக்கின் பெயரும் அமைப்பு மதிப்புகளும் மட்டுமே. அவை ஒரு எச்.டி.எம்.எல். குறிப்புரையாக உட்கார்ந்துகொள்ளும். வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது பட்டியலை உருவாக்குவது உங்கள் பி.எச்.பி.தான். ஷார்ட்கோடுக்கு எழுதிய அதே செயற்கூற்றை பிளாக்கைக் காட்டும் நேரத்தில் வேர்ட்பிரஸ் கூப்பிடும் ரெண்டர் கால்பேக்கிலிருந்து அழையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மிஞ்சுவது, வலப்பக்கப் பலகையில் இரண்டு மூன்று உள்ளீட்டுப் பெட்டிகள். அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. ஷார்ட்கோடில் வரும் மதிப்புகள் எல்லாம் எழுத்துச்சரங்கள்; பண்புப் பெயர்களும் சிற்றெழுத்தாக மாற்றப்பட்டே வரும். பிளாக்கில் எண் எண்ணாகவே வரும், ஆம்-இல்லை என்பது பூலியனாகவே, அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்றே, வரும். என் பட்டியலில் கட்டணத்தை மறைக்க ‘நோ’ என்ற சொல்லோடு ஒப்பிட்டிருந்தேன். பிளாக் அனுப்பியதோ ஃபால்ஸ். மறைந்திருக்க வேண்டிய கட்டணம் பக்கத்தில் தெரிந்தது. இரண்டு வழியில் வருவதையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிவிடுங்கள்.

பிளாக் தயாரானதும் ஷார்ட்கோடை நீக்கிவிடத் தோன்றும். தயவுசெய்து நீக்காதீர்கள். நீக்கினால், கடைக்காரர் 2016இல் எழுதிய பதிவில் பட்டியல் இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிகள் பல்லிளிக்கும். நம்மை நம்பித்தான் அவர் அதைத் தன் பதிவில் வைத்தார். பழையதைப் புதியதாக மாற்ற விரும்புபவர்களுக்கு டிரான்ஸ்ஃபார்ம் வசதி கொடுங்கள். ஷார்ட்கோட் பிளாக்கைத் தேர்ந்து ஒரு சொடுக்கில் உங்கள் பிளாக்காக மாற்றிக்கொள்வார்கள். எப்போது மாற்றுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

கேள்வி: பதிவை ஒருமுறை வெளியிட்டால், என் செருகுநிரல் அறிவிப்பு மின்னஞ்சலை இரண்டு முறை அனுப்புகிறது. பழைய எடிட்டரில் இப்படி நடந்ததில்லை. ஏன்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எழுதும் பக்கத்தில் உங்கள் செருகுநிரலுக்கு மெட்டா பாக்ஸ் (கூடுதல் விவரங்களை நிரப்பும் பெட்டி) இருக்கிறது, சரிதானே? பிளாக் எடிட்டர் பதிவை முதலில் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வழி) வழியாகச் சேமிக்கிறது. மெட்டா பாக்ஸ் இருந்தால், அதிலுள்ளவற்றைத் தனியாக இன்னொரு கோரிக்கையில் அனுப்புகிறது. ஆகவே சேவ்-போஸ்ட் கொக்கி (பதிவு சேமிக்கப்படும்போதெல்லாம் உங்கள் நிரலை இயக்கும் இணைப்பு) இருமுறை ஓடுகிறது. முதல் முறை உங்கள் பெட்டியின் மதிப்புகள் வந்து சேர்ந்திருக்காது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சபாவின் செயலாளர். “அம்மா, உறுப்பினர்களுக்கு இரண்டு அழைப்பு போயிருக்கிறது. ஒன்றில் தேதியே இல்லை” என்று காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் சொன்னார். முதல் சேமிப்பில் கிளம்பியதுதான் அந்தத் தேதியில்லாத அழைப்பு. மூத்த உறுப்பினர்கள் சிலர் கச்சேரி ரத்தாகிவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை.

உடனடித் தீர்வு: நான்ஸ் (உங்கள் மெட்டா பாக்ஸோடு சேர்ந்து வரும் பாதுகாப்புக் குறி) வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் மின்னஞ்சலை அனுப்புங்கள், அனுப்பியதும் ஓர் அடையாளம் குறித்து வையுங்கள். நிலையான தீர்வு, மெட்டா பாக்ஸிலிருந்து வெளியேறுவது. மதிப்புகளை ரெஸ்டில் தெரியும்படி பதிவுசெய்து, எடிட்டரின் பக்கப்பலகையிலேயே திருத்தவிடுங்கள். பிறகு அவை பதிவோடு சேர்ந்தே சேமிக்கப்படும். உங்களுடையது தனிப் பதிவு வகை என்றால், அதற்கு ‘கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ ஆதரவையும் சேருங்கள். அதை விட்டுவிட்டு நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

கேள்வி: என் பிளாக்கின் எச்.டி.எம்.எல்.லில் தோற்றத்தை அமைக்க உதவும் வகுப்புப் பெயர் (கிளாஸ்) ஒன்றை மாற்றினேன். பழைய பதிவைத் திறந்தால் உள்ளடக்கம் செல்லாது என்கிறது எடிட்டர். தளம் கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. வாசகர்கள் பார்ப்பது சேமித்து வைத்த பழைய எச்.டி.எம்.எல்.; அது நன்றாகவே இருக்கும். சேமித்ததையும் உங்கள் புதிய சேவ் செயற்கூறு தருவதையும் எடிட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாததால் முறையிடுகிறது, அவ்வளவுதான். பழைய சேவ் செயற்கூற்றை, அதன் பண்புகளோடு, டெப்ரிகேட்டட் (கைவிட்ட பழைய வடிவங்கள்) பட்டியலில் சேர்த்து இன்றே புதிய பதிப்பை வெளியிடுங்கள். அதற்குள் யாராவது பதறி அந்த பிளாக்கை நீக்கிவிட்டுப் பதிவைச் சேமித்திருந்தால், திருத்த வரலாற்றிலிருந்து முந்தைய வடிவத்தை மீட்கலாம் என்று வாடிக்கையாளர் எல்லோருக்கும் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.