ஒரு அடி, இரண்டு சத்தம்

எலெக்ட்ரானிக் டிரம்ஸை மேடையில் வாசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ட்ரிக்கர் கோளாறு பற்றியவை; அதாவது பேடில் (அடிபடும் தட்டில்) விழும் அடியைச் சென்சார் உணர்ந்து, மாட்யூல் என்ற பெட்டி அதை ஒலியாக்குவதில் வரும் கோளாறு. அவற்றுக்கான பதில்கள் இந்த இதழில்.

கேள்வி: கிக் பெடலை ஒருமுறை மிதித்தால் இரண்டு சத்தம் கேட்கிறது. வீட்டில் அவ்வளவாக இல்லை, மேடையில்தான் அதிகம். இரட்டை ஒலியைத் தடுக்கும் ரீட்ரிக்கர் கேன்சல் அமைப்பின் எண்ணை ஏற்றிவிட்டேன். இப்போது வேகமாக இரண்டு மிதித்தால் ஒன்று காணாமல் போகிறது. எதைச் சரிசெய்வது?

முதலில் ஏற்றிய எண்ணைப் பழையபடி இறக்கிவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் மாட்யூலுக்குள் இல்லை, பெடலின் சுத்தியலான பீட்டரும் பேடின் வலைத்தோலான மெஷ்ஷும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

மிதித்தபின் பீட்டரை மெஷ்ஷோடு அழுத்திப் பிடித்து வைப்பவர்கள் நிறையப் பேர். அழுத்திய பீட்டர் அங்கே அசையாமல் நிற்பதில்லை. மெஷ் அதைத் தள்ள, கால் திரும்ப அழுத்த, நுண்ணிய துள்ளல்கள் நடக்கின்றன. சாதாரண டிரம்மில் இந்தத் துள்ளல் முதல் அடியின் ஓசையோடு கலந்துவிடும். அதிர்வை மின்சாரமாக்கும் பியெஸோ சென்சாருக்கோ அது இன்னொரு அடி. மாட்யூல் இன்னொரு முழு கிக் சத்தத்தை வெளியே விடும். மேடையில் உற்சாகத்தில் பலமாக மிதிப்பதால் அங்கே இது கூடுகிறது.

அதனால் மிதித்த கையோடு பீட்டரை விட்டுவிடும் பழக்கம் வர வேண்டும். அது வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. மெஷ் தளர்ந்திருந்தால் எதிரெதிர் திருகாணிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கால் சுற்று இறுக்குங்கள். பீட்டர் படும் இடத்தில் பேட்ச் ஒட்டுங்கள். கிக் பேட் முன்னால் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் ஒவ்வொரு மிதியிலும் பேடே ஆடும், அந்த ஆட்டமும் சென்சாருக்குப் போகும். கீழே கனமான விரிப்பு போட்டு, கூர்முனைக் கால்களை அதில் பதிய வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் மாட்யூல் அமைப்பு. மாஸ்க் டைம் என்பது, ஓர் அடி பதிவானதும் இத்தனை மில்லிசெகண்டுக்கு எது வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்ற கட்டளை. கணக்கு எளிது: 120 BPM-இல் (நிமிடத்துக்கு 120 தட்டு) பதினாறாம் பாக நோட்டுகளின் இடைவெளி 125 மி.செ., 200 BPM-இல் 75 மி.செ. கிக்குக்கு 20, 30 என்று வைத்தால் எந்த நோட்டும் போகாது. 80 வைத்துவிட்டு 200 BPM-இல் வாசித்தால் ஒன்றுவிட்டு ஒன்று விழும். ரீட்ரிக்கர் கேன்சல் வேலை செய்யும் விதம் வேறு. அடியின் அலை தேய்ந்துபோகும்போது வரும் மேடுபள்ளங்களை மாட்யூல் புது அடியாக எண்ணாமல் அது தடுக்கிறது. மிகையானால் ரோல் (தொடர் உருட்டு) வாசிக்கையில் மெல்லிய அடிகளை விழுங்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். இரண்டையுமே குறைந்தபட்சத்தில் தொடங்கி, இரட்டைச் சத்தம் நிற்கும்வரை மட்டும் ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள்.

ஸ்னேருக்கு இதே எண்களை அப்படியே போட வேண்டாம். இரு குச்சிகளும் சற்றே முன்பின்னாக விழும் ஃப்ளாமில் இரண்டுக்கும் இடையே சில பத்து மில்லிசெகண்ட்தான் இருக்கும். 30 வைத்தால் ஃப்ளாம் ஒற்றை அடியாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: பேஸ் கிட்டார் தொடங்கியதும் யாரும் தொடாமலே டாம் ஒலிக்கிறது. வேறு சில இடங்களில் ஸ்னேரை அடித்தால் க்ராஷ் சிம்பலும் சேர்ந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

இல்லை. ஒன்று வெளியிலிருந்து வரும் அதிர்வு, மற்றொன்று பேடுகளைத் தாங்கும் உங்கள் ரேக்குக்குள்ளேயே பயணிக்கும் அதிர்வு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கையில் கிடைத்த எண்ணையெல்லாம் ஏற்றுவதால்தான் பலருடைய கிட் உயிரற்றுப் போகிறது.

முதலாவதற்கு, சவுண்ட் செக்கில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பேஸ் வாசிப்பவரை மிகக் கீழான ஸ்வரத்தை நிகழ்ச்சியில் இருக்கப்போகும் சத்தத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். மாட்யூலின் ட்ரிக்கர் திரையில் எந்த பேடின் மீட்டர் துடிக்கிறது என்று பாருங்கள். அந்த பேடுக்கு மட்டும் த்ரெஷோல்டை (அடியாக எண்ணக் குறைந்தபட்சம் வேண்டிய அதிர்வளவை) ஒவ்வொரு படியாக ஏற்றி, துடிப்பு நின்ற இடத்தில் விடுங்கள். எல்லா பேடுக்கும் சேர்த்து ஏற்றினால் கோஸ்ட் நோட்டுகள் எனும் மிக மெல்லிய அடிகள் முதலில் சாகும். சப்வூஃபர் நிற்கும் அதே பலகை மேடையில் கிட் இருந்தால் எண்ணைவிட இடமாற்றம் நல்ல பலன் தரும். முடியாவிட்டால் ரேக்கின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் வையுங்கள்.

இரண்டாவது, ஒரு பேடின் அதிர்வு இன்னொன்றை ஒலிக்கச் செய்யும் க்ராஸ்டாக். முதலில் க்ளாம்ப்களை இறுக்குங்கள். ஸ்னேரை ரேக்கிலிருந்து கழற்றித் தனி ஸ்டாண்டில் வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே ஓடிவிடும். மீதிக்கு க்ராஸ்டாக் கேன்சல் இருக்கிறது. இதில் பலர் தடுமாறும் இடம், எந்த பேடின் அமைப்பை மாற்றுவது என்பது. ரோலண்ட் மாட்யூல்களில், தேவையில்லாமல் ஒலிக்கும் பேடில் ஏற்ற வேண்டும். நீங்கள் அடிக்கும் பேடில் அல்ல. உங்கள் விஷயத்தில் க்ராஷ். இதற்கும் ஒரு விலை உண்டு: ஸ்னேரைப் பலமாகவும் க்ராஷை மென்மையாகவும் ஒரே நேரத்தில் அடித்தால் க்ராஷ் வராமல் போகலாம். சேர்த்து அடித்துப் பார்த்துவிட்டே அந்த எண்ணை உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: கேபிள் மாற்றிய நாளிலிருந்து ஸ்னேரின் ரிம் (விளிம்பு) வேலை செய்யவில்லை.

பழைய கேபிள் ஸ்டீரியோ, புதியது மோனோவாக இருக்கும். பிளக்கின் முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்றே இருந்தால் மோனோ. தோல், ரிம் இரண்டையும் தனித்தனியே உணரும் இரு மண்டல பேடுகளுக்கு ஸ்டீரியோ தேவை. அதை மாற்றியும் ரிம் வராவிட்டால் மாட்யூலில் பேட் வகை சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டாமின் நடுவில் பட்டால் வெடிப்பது போலச் சத்தம், ஓரத்தில் அடித்தால் ஒன்றுமே இல்லை. சென்சிட்டிவிட்டியை எப்படி வைத்தாலும் ஒத்துவரவில்லை.

நடுவில் சென்சார் உள்ள மெஷ் பேடுகளுக்குக் கொஞ்சம் இப்படி இருப்பது இயல்பு. குச்சி நேராக, சென்சார் மேல் நிற்கும் ஃபோம் கூம்பின் மேலேயே விழுகிறது. ஆனால் ஓரம் முற்றிலும் செத்துவிட்டது என்றால் கூம்பு அமுங்கிவிட்டது. மெஷ்ஷைக் கழற்றிவிட்டு ஒரு நேரான ஸ்கேலைப் பேடின் விளிம்பில் குறுக்கே வையுங்கள். கூம்பின் நுனி விளிம்பைவிட ஓரிரு மி.மீ. உயர்ந்து, ஸ்கேலை முட்ட வேண்டும். தாழ்ந்திருந்தால் கூம்பை மாற்றுங்கள்.

மாற்றும்போது கூம்புக்கு அடியில் உள்ள பித்தளை வட்டையும் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருப்பது செராமிக் பூச்சு. அதில் விரிசல் இருந்தாலோ, ஒயர் பற்றவைத்த இடம் ஆடினாலோ சத்தம் விட்டுவிட்டு வரும். புது வட்டு விலை குறைவான பொருள், 27 மி.மீ., 35 மி.மீ. அளவுகள் எளிதில் கிடைக்கும், பழையதை அளந்து வாங்குங்கள். சால்டரிங் அயர்னை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்து கையோடு வந்துவிடும். ஒயர் ஏற்கெனவே பற்றவைத்து வரும் வட்டாகக் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

ஸ்கேன் டைமையும் ஒருமுறை பாருங்கள். அடி த்ரெஷோல்டைத் தாண்டியபின் அதன் உச்சத்தை அளக்க மாட்யூல் காத்திருக்கும் நேரம் அது. மிகக் குறைத்தால் ஒரே பலத்தில் அடித்தும் சத்தம் ஏறி இறங்கும். கூட்டினால் ஒவ்வொரு மில்லிசெகண்டும் தாமதமாகக் கையில் உறைக்கும்.

கேள்வி: மாட்யூலை லேப்டாப்போடு இணைத்து அதிலுள்ள டிரம் ஒலிகளை வாசிக்கிறேன். அடிக்கும் சத்தம் தாமதமாக வருகிறது, சில சமயம் இரட்டையாகவும் கேட்கிறது.

தாமதத்துக்கு, லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து வெளியிடும் பஃபர்தான் முதல் சந்தேகம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றாலே 11.6 மி.செ.; 128-க்கு இறக்கினால் 2.9. அதற்கும் கீழே போனால் லேப்டாப் திணறி, கரகரப்பு வரத் தொடங்கலாம். மானிட்டர் ஸ்பீக்கரின் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மி.செ. ஆகும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரை நம்பி வாசித்துவிட்டு லேப்டாப்பைத் திட்டுவதில் பயனில்லை. இயர்போன் போட்டுப் பாருங்கள்.

இரட்டைச் சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒட்டிக்கொண்டு கேட்டால் அது ட்ரிக்கர் கோளாறே அல்ல. மாட்யூலும் தன் ஒலியை விடுகிறது, லேப்டாப்பும் விடுகிறது. அல்லது லேப்டாப் அதே மிடி நோட்டை (அடியைச் சொல்லும் டிஜிட்டல் குறிப்பை) மாட்யூலுக்குத் திருப்பி அனுப்புகிறது. மாட்யூலில் லோக்கல் கன்ட்ரோலை (பேட் அடி மாட்யூலின் சொந்த ஒலியை எழுப்பும் அமைப்பை) ஆஃப் செய்யுங்கள். மென்பொருளில் மாட்யூலுக்குப் போகும் மிடி வெளியீட்டை நிறுத்துங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் வேறொருவரின் மாட்யூல், அதே மாடல்தான். என் கிட்டை (ஒலித் தொகுப்பை) யூஎஸ்பியில் எடுத்துப்போய் ஏற்றினால் போதுமா?

ஒலிகள் வரும், ட்ரிக்கர் அமைப்பு வராமல் போகலாம். பல மாட்யூல்களில் கிட் தனியாகவும் ட்ரிக்கர் எண்கள் தனியாகவும் சேமிக்கப்படுகின்றன. அனைத்தையும் சேர்த்து பேக்கப் எடுங்கள். ஆனால் அதை முழுவதுமாக ஏற்றினால் உரிமையாளர் வைத்திருப்பது அழிந்துவிடும். அவருடையதை முதலில் வேறொரு யூஎஸ்பியில் எடுத்து வையுங்கள். பேடுகளும் உங்களுடையவை அல்ல என்றால் உங்கள் ட்ரிக்கர் எண்கள் அங்கே உதவாது. அவருடைய எண்களை அப்படியே விட்டு, கிட்டை மட்டும் ஏற்றி, சென்சிட்டிவிட்டியை மட்டும் உங்கள் கைக்கு ஏற்ப ஓரிரு படி நகர்த்திக்கொள்ளுங்கள்.