வெளியே தெரியாமல் காருக்குள் நல்ல ஒலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் நான்கு ஆண்டுகள் ஓடிய ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. கம்பெனி பொருத்திக் கொடுத்த டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவும் நான்கு கதவு ஸ்பீக்கர்களும் உள்ளன. சத்தம் போதுமானதாக இருக்கிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்க முகம்) பேஸ் கிட்டாரும் காதில் விழுவதே இல்லை. டிக்கியில் எப்போதும் அம்மாவின் சக்கர நாற்காலி இருக்கும் என்பதால் அங்கே பெட்டி வைக்க இயலாது. கார் இரவில் தெருவில் நிற்பதால், உள்ளே விலை உயர்ந்த பொருள் இருப்பது வெளியே தெரியவும் கூடாது. 40,000 ரூபாய்க்குள் ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் பொருத்த எப்படித் திட்டமிடுவது?
– வாசகர், மேற்கு தாம்பரம்

பதில்: உங்கள் தேவை மிகவும் தெளிவாக இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. கடைக்காரர் முதலில் ஸ்டீரியோவை மாற்றச் சொல்லக்கூடும். அதற்கு இணங்க வேண்டாம். டேஷ்போர்டில் கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருப்பதுதான், இந்தக் காரில் எதுவும் மாற்றப்படவில்லை என்று கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பவரை நம்ப வைக்கும். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் பின்புறக் கேமராவும் பழையபடியே வேலை செய்யும்.

கம்பெனி ஸ்டீரியோவின் உள்ளேயே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் உண்டு. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், காரின் 14 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகப் பயன்படுத்தும் அத்தகைய அமைப்பு, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தொடர்ச்சியாக ஏறக்குறைய 20 வாட்தான் தெளிவாகத் தர முடியும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கதவில் உள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கரால் அந்த அதிர்வைப் போதிய வலிமையுடன் எழுப்ப முடியாது. ஆகவே, கதவு ஸ்பீக்கர்களுக்கு ஒரு சிறிய நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரும், தாழ்ந்த ஒலிக்கு இருக்கையின் அடியில் பொருத்தும் ஆக்டிவ் சப்வூஃபரும் என்று பிரித்துக்கொள்வதே உங்கள் காருக்குப் பொருந்தும். ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபையர் அதன் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். பயனியர், ஜேபிஎல் போன்ற நிறுவனங்கள் எட்டு அங்குல அளவில் இத்தகைய தட்டையான பெட்டிகளைத் தயாரிக்கின்றன. நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரில், அல்பைன், கென்வுட் போன்றவர்களிடம் சேனலுக்கு 45 வாட் தரும் சிறிய வகைகள் உண்டு. அவை பெரும்பாலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே அடங்கிவிடும். வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மேக்ஸ் வாட்டைப் பார்க்காமல், தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் காட்டும் ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் இருக்கிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள். கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொள்பவருக்கு அது இன்றியமையாதது.

எந்த இருக்கையின் அடியில் என்பதில் சற்று யோசிக்க வேண்டும். வழக்கமாக முன்பயணியின் இருக்கைக்கு அடியில்தான் வைப்பார்கள். ஆனால் அங்கே உங்கள் அம்மா அமர்பவரானால், அந்த அதிர்வு அவருக்குத் தொல்லையாகலாம்; அப்போது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்து, எந்தச் சூழ்நிலையிலும் பெடல்களின் பக்கம் நகராதபடி இரும்புக் கிளாம்பு போட்டுத் தரையோடு இறுக்கிவிட வேண்டும். இருக்கையை மிகத் தாழ்வான நிலையில் வைத்து, ஒருவரை அதில் உட்காரவும் செய்து, அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடம் எஞ்சுகிறது என்று அளந்த பிறகே பொருளை வாங்குங்கள். இருக்கையின் அடியில் மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கப்ளரோ (கம்பிகளை இணைக்கும் செருகி) உள்ள கம்பிகள் தென்பட்டால், அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடவோ கழற்றவோ யாரையும் அனுமதிக்க வேண்டாம். பின் இருக்கையின் காலடிக்கு ஏசி காற்று செல்லும் குழாய் அங்கே இருந்தால், அதையும் அடைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, உங்களுக்கு அருகில் உள்ள முடிச்சூர்ப் பக்கம் 2015 டிசம்பரில் தண்ணீர் எப்படி ஏறியது என்பதை நீங்கள் அறிவீர்கள். காரின் தரைக்குத் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது இந்தச் சப்வூஃபர்தான். ஆகவே அதன் எல்லாக் கம்பிகளையும் எளிதில் பிரிக்கக்கூடிய கப்ளர்களில் முடிக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு எச்சரிக்கை வந்தால் சில நிமிடங்களில் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிடலாம்.

இப்போது மின்கம்பிக்கு வருகிறேன். நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான், ஏனெனில் காரில் தீ விபத்துக்கு வழி செய்யும் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நான்கு சேனல்களுக்கு 180 வாட், சப்வூஃபருக்கு 125 வாட் என்று கொண்டால், 80 சதவீதத் திறனுள்ள டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்கள் முழுச் சுமையில் சேர்ந்து ஏறக்குறைய 28 ஆம்பியர் இழுக்கும். பாட்டு கேட்கும்போது சராசரி இதைவிட மிகக் குறைவு என்பதால், பேட்டரியையோ, என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையோ மாற்ற வேண்டியதில்லை, மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கெப்பாசிட்டரும் தேவையில்லை. முழுச் செம்பால் ஆன, 8 கேஜ் பருமனுள்ள கேபிள் போதும். சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவை அதே பருமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காக்கும், பேட்டரியிலிருந்து அதுவரை ஓடும் கேபிளைக் காக்காது. என்ஜின் அறையிலிருந்து கேபிள் உள்ளே வரும் தகட்டுத் துளையில், விளிம்பை மூடும் வளையமான ரப்பர் குரோமெட் இல்லாவிட்டால், நாளடைவில் தகட்டின் விளிம்பு உறையை அறுத்து ஷார்ட் ஆகிவிடும்; அந்த நேரத்தில் காரைக் காப்பாற்றுவது முன்னால் உள்ள அந்த ஒரு ஃபியூஸ்தான்.

40,000 ரூபாயில் பெரும்பகுதி சப்வூஃபருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் போகும். மிச்சத்தில் முன் கதவுகளுக்கு மட்டும், உயர்ந்த ஒலிக்கான தனி ட்வீட்டருடன் கூடிய காம்போனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி, அதே கதவுகளின் உள்தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, அங்குள்ள திறப்புகளையும் மூடிவிடுங்கள். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் அந்தத் திறப்புகள் வழியே கலந்து ஒன்றையொன்று அழிப்பது நின்றால், கதவிலிருந்தே முன்பு கேளாத கனம் கேட்கும். பின் கதவு ஸ்பீக்கர்கள் பழையனவே இருக்கட்டும். கார் உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் உங்கள் பகுதியிலேயே வாங்கினாலும், கம்பியை வெட்டாமல் உங்கள் கார் மாடலுக்குரிய கப்ளர் வைத்து இணைத்துத் தருவதாக ஒப்புக்கொள்பவரிடமே வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: டிக்கியில் பத்து அங்குலச் சப்வூஃபர் வைத்திருக்கிறேன். பேஸ் வருகிறது, ஆனால் எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து இடிப்பதுபோல் இருக்கிறது. ஆண் குரல்கூடப் பின்னாலிருந்து வருகிறது. பெட்டியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: பெட்டியை மாற்றுவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரில் உள்ள மூன்று திருகுகளைப் பாருங்கள். ஆண் குரல் சப்வூஃபரில் கேட்கிறது என்றால், லோ பாஸ் அளவு (இதற்குக் கீழுள்ள ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லை) மிக மேலே வைக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நம் காதுகளால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அதை 80க்கு இறக்கினால் சப்வூஃபர் இருக்கும் இடமே தெரியாமல் போகும். கதவு ஸ்பீக்கர்களுக்கு மேலுள்ள ஒலியை மட்டும் அனுப்பும் ஹை பாஸையும் அதே 80 அளவில் வையுங்கள். அடுத்து, கெயின் என்பது ஒலியளவுத் திருகு அன்று. ஸ்டீரியோவின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகு. கெயினைக் குறைத்துவிட்டு ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்கி நிறுத்துங்கள். அதன் பிறகும் சப்வூஃபர் தனித்துக் கேட்டால் இன்னும் குறையுங்கள். பேஸ் பூஸ்ட் என்ற பொத்தான் இருந்தால் பூஜ்ஜியத்தில் விடுங்கள். சிறிய காரின் மூடிய அறையே தாழ்ந்த ஒலியை இயல்பாகக் கூட்டித் தருகிறது. அதன் மேல் நாமும் கூட்டினால் நீங்கள் சொல்லும் இடிதான் மிஞ்சும்.

பிறகு நன்கு பழக்கமான ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டு, சப்வூஃபரின் அதிர்வைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பியின் ஓசை நிறைவாகவும், வலந்தலையோடு சேர்ந்து முன்னாலிருந்தும் வருகிறதோ அதுவே சரியான நிலை. ஒரே மிருதங்கத்தின் இரு முகங்களும் காரில் இரண்டு இடங்களிலிருந்து கேட்டால் அமைப்பு இன்னும் சரியாகவில்லை என்பதே என் அளவுகோல். இதைவிட நம்பகமான சோதனையை நான் அறியேன்.

கேள்வி: புதிய ஆம்ப்ளிஃபையர் போட்டதிலிருந்து, என்ஜின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கரில் கீச்சென்ற ஓசையும் ஏறுகிறது. காலையில் சில நாட்கள் பேட்டரியும் இறங்கிக் கிடக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: இவை இரண்டு வெவ்வேறு குறைகள். கீச்சொலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது; பெரும்பாலும் எர்த் (ஆம்ப்ளிஃபையரின் நெகட்டிவ் கம்பி காரின் தகட்டில் சேரும் இணைப்பு) சரியில்லாததே காரணம். எர்த் கம்பி அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். அது சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே கிரீஸ் தடவ வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். அது உயிர் காக்கும் போல்ட். பவர் கேபிள் ஒரு பக்கமும் ஒலிக் கம்பிகள் மறுபக்கமும் செல்வதும் அவசியம்.

பேட்டரி இறங்குவதற்கு, ஆம்ப்ளிஃபையரை இயக்கும் ரிமோட் கம்பியை எப்போதும் மின்சாரம் உள்ள இடத்தில் இணைத்திருப்பது காரணமாக இருக்கலாம். காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து ஆம்ப்ளிஃபையரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், அந்தக் கம்பியைச் சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸுக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: இவற்றைப் பொருத்தினால் காப்பீட்டில் சிக்கல் வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கம்பெனி பொருத்தாத மின்சாதனங்கள் சாதாரண வாகனப் பாலிசியில் தானாகச் சேராது. பில்லை வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும்போது அவற்றின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருட்டு, வெள்ளம் இரண்டுக்கும் அப்போதுதான் இழப்பீடு கேட்க முடியும். கார் இன்னும் வாரண்டியில் இருந்தால், வெட்டப்பட்ட கம்பியைக் காட்டி மின்கோளாறுக்குப் பொறுப்பேற்க கார் நிறுவனம் மறுக்க இடமுண்டு. முதல் பதிலில் சொன்ன கப்ளர் இணைப்பு அதற்காகவும்தான்.