ஜூன் மாதம் மெஸ்ஸில் எந்த மீன் போடலாம்?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் சின்ன மெஸ் நடத்துகிறேன். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ மீன் பாவுச்சா தக்கா மீன் துறையில் எடுக்கிறேன். ஜூன், ஜூலையில் வஞ்சிரமும் வவ்வாலும் விலை எகிறிவிடுகின்றன. மீன்பிடித் தடைக்காலத்தில் விற்கிற மீன் முறைப்படி பிடித்ததுதானா? தடை முடிந்ததும் உள்ளங்கை அளவு வவ்வால் மலிவாக வருகிறதே, எடுக்கலாமா? கடலுக்கும் கெடுதல் இல்லாமல், வாடிக்கையாளரையும் விடாமல் வருஷம் முழுக்க மீன் போட வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் தேதிக் கணக்கைப் பாருங்கள். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதுவும் 61 நாள். கேரளம் தன் கரையோரக் கடலில் இழுவலைத் தடையை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள் வைக்கிறது. ஆக, ஜூன் 10 முதல் 14 வரை மூன்று தடையும் சேர்ந்து விழுகின்றன. அந்த ஐந்து நாளில் "இன்னிக்கு வந்த போட் மீன்" என்று ஒருவர் பெட்டி பெட்டியாக வஞ்சிரம் காட்டினால், அது ஐஸில் கிடந்த பழைய சரக்காகவோ குளிர்பதனக் கிடங்கு மீனாகவோதான் இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லை. ஆனால் மழைக்கால அலையில் அவர்கள் கொண்டுவருவது கூடைக் கணக்கில்தான் இருக்கும், டெம்போக் கணக்கில் இருக்காது.

ஜூன் 15-க்குப் பிறகு கதை வேறு. காசிமேடு, தூத்துக்குடி பக்கம் படகுகள் கடலுக்குப் போய்விடும். அங்கிருந்து வரும் மீனில் தடை மீறல் எதுவும் இல்லை. (குளச்சல் மீன் என்று சொன்னால் மட்டும் யோசியுங்கள். தமிழ்நாடுதான், ஆனால் மேற்குக் கரைத் தடையில் வருகிற இடம்.) எனவே வியாபாரியிடம் "ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் ஆமாம் என்பார்கள். எந்த ஊர் மீன், என்றைக்கு ஏற்றியது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அடுத்த பெட்டிக்கு நகருங்கள். கோலி மீனவர்கள் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகே படகு இறக்கும் வழக்கம் உள்ளவர்கள். அது பெரும்பாலும் ஆகஸ்டில்தான் வரும். அரசுத் தடையைவிட அவர்களின் பழைய கணக்கு நீளம்.

இனி அந்த உள்ளங்கை வவ்வால். எடுக்காதீர்கள். மகாராஷ்டிரம் 2023-இல் வெள்ளை வவ்வாலை, அதாவது பாப்லெட்டை, மாநில மீனாக அறிவித்தது. அதே ஆண்டு 54 இனங்களுக்குப் பிடிக்கத் தகுந்த குறைந்தபட்ச நீளத்தையும் வகுத்தது. வவ்வாலுக்கு அது 135 மில்லிமீட்டர். இது சட்டத்தின் அடிமட்டம்தான். வவ்வால் ஒருமுறையாவது முட்டையிட ஏறக்குறைய 20 செ.மீ. வளர வேண்டும். அதனால் உங்கள் மெஸ்ஸுக்கு 20 செ.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள். காசுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது: மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். பத்து செ.மீ. குஞ்சில் தலை, வால், முள் போக இலையில் வைக்க என்ன மிஞ்சும்?

இந்தக் குஞ்சுகளில் நிறைய, டோல் வலையில் மாட்டுபவை. நீரோட்டத்தை எதிர்த்துக் கழி நட்டுக் கட்டும் பை வலை அது. போம்பிலுக்கும் (பாம்பே டக் மீன்) கூனி இறாலுக்கும் போடுவது என்பதால் அடிப்பையின் கண்ணி மிகச் சின்னது. வவ்வால் குஞ்சும் தப்பாது. மீனவர் வேண்டுமென்று பிடிப்பதில்லை. ஆனால் அதற்குத் தனி விலை கிடைக்கும்வரை பிரித்து விற்கத்தான் செய்வார். அந்த விலையைக் கொடுக்கிற ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அளப்பது சுலபம். ஐஸ் பெட்டி மூடியின் உட்புறம் 10, 14, 20 செ.மீ.யில் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். மூக்கு நுனியை விளிம்பில் வைத்து வால் நுனி வரை பார்க்க வேண்டும். வவ்வாலுக்கு மட்டும் வாலின் கீழ்மடல் நீண்டு தொங்குவதால், வால் பிரியும் கவை வரை அளந்தால் ஏமாற மாட்டீர்கள். மத்திக்கு (இங்கே தார்லி) 10, காணாங்கெளுத்திக்கு (பாங்டா) 14 என்பது கேரளத்தின் சட்ட அளவு. இங்கும் அதையே பின்பற்றலாம்.

வஞ்சிரம்தான் சிக்கல். சுர்மை என்ற பெயரில் இரண்டு மீன் வரும். குறுக்குக் கோடு போட்ட பெரிய இனம் ஏறக்குறைய 70 செ.மீ. வளர்ந்த பிறகே முட்டையிடும். புள்ளி போட்ட இனம் சிறியது, சீக்கிரம் முதிர்ந்துவிடும். கோடு இனத்தின் குஞ்சில் கோடு தெளியாது என்பதால் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். விலாவில் ஓடும் பக்கக்கோட்டைப் பாருங்கள். இரண்டாம் முதுகுத் துடுப்பு முடிகிற இடத்தில் அது சட்டென்று கீழே இறங்கினால் பெரிய இனம். அப்படி இறங்குகிற மீன் முழங்கை நீளம்தான் இருந்தால் அது குஞ்சு, வேண்டாம். துண்டு போடப் பெரிய மீனையே வாங்குங்கள்.

தினசரிக் குழம்புக்குப் பாங்டா, தார்லி, சூரை (குபா) போதும். மூன்றும் வேகமாக வளர்ந்து வேகமாகப் பெருகுபவை. சுறா புட்டு போடுகிறீர்களா? சுறா (முஷி) மெதுவாக வளரும், ஈனும் குட்டிகளும் கொஞ்சம்தான். திமிங்கலச் சுறாவும் வேளா மீனும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. துண்டாகக் கிடந்தால் எது எதுவென்று தெரியாது. சூரையை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து உதிர்த்தால் புட்டு நன்றாகவே வரும்.

பாங்டா, தார்லி, சூரை மூன்றுக்கும் ஒரே நிபந்தனை, ஐஸ். சூடேறினால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அதன்பின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து அரிப்பெடுக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பொடித்த ஐஸ். அடியில் ஐஸ், மேலே மீன், அதன்மேல் ஐஸ் என்று அடுக்குங்கள். தெர்மாகோல் பெட்டியின் அடி மூலையில் ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் இரத்தம் கலந்த தண்ணீரில் மீன் ஊறி மதியத்துக்குள் வாடை வரும்.

ஜூன், ஜூலைக்கு மெனு பலகையில் மீன் பெயரை எழுதாமல் "இன்றைய மீன் குழம்பு" என்று எழுதுங்கள். கட்லா, ரோகு, குளத்தில் வளர்த்த கொடுவா (ஜிதாடா) மாறி மாறி வரட்டும். ஆற்று மீன் வாடைக்குப் புளியும் வெந்தயமும் சற்றுத் தூக்கலாகப் போட வேண்டும். வாரம் இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு. மழைக்காலத்துக்கென்றே வெயிலில் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைத்த போம்பிலை மே மாதக் கடைசியில் வாங்கிவிடுங்கள். வளைத்தால் நெளியாமல் முறிய வேண்டும். உப்புக் கருவாடாக இருந்தால் செந்நிறத் திட்டு இருக்கக் கூடாது; அது உப்பில் வளரும் நுண்ணுயிர். காற்றுப் புகாத டப்பாவில், தரையிலிருந்து தூக்கி வையுங்கள். மும்பை மழை ஈரத்தில் சாக்குப் பையில் வைத்த கருவாடு ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.